ஸ்டாண்ட்பைத் திணை: ஒரு முன்னாய்வு

விமானத்தில் செல்வோர் இருவகைப்படுவர்: இருக்கை உள்ளவர், இருக்கை மிஞ்சினால் உள்ளவர். முதல் வகையினரைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை; பணம் கட்டினார்கள், போனார்கள். இவ்வாய்வு இரண்டாமவரைப் பற்றியது. அவர்களிலும் தனிக் கவனத்துக்கு உரியவர், அமெரிக்க விமான நிறுவன ஊழியர் ஒருவர் நண்பருக்கு அன்போடு எடுத்துக் கொடுக்கும் ‘பட்டி பாஸ்’ வைத்திருப்பவர். கட்டணம் சலுகை விலை. பதிலுக்கு, மற்ற எல்லாருக்கும் இடம் போக மிச்சமிருந்தால் மட்டுமே ஏறலாம்.

இவருக்கு முன்னோர் உண்டு. 1966இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 22 வயது நிரம்பாதவர்களைப் பாதிக் கட்டணத்தில் ஸ்டாண்ட்பையாக ஏற்றிக்கொண்டது. 1977 செப்டம்பரில் ஃபிரெடி லேக்கர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டு கட்டணத்தில் ‘ஸ்கைட்ரெய்ன்’ விட்டார். முன்பதிவே கிடையாது, வரிசையில் நின்றவருக்கு இடம். 1982இல் லேக்கர் நொடித்துப்போனார். வரிசை மட்டும் கணினிக்குள் புகுந்து பிழைத்துக்கொண்டது.

இனி இலக்கணம். இத்திணைக்குரிய நிலம், கேட்டும் கேட் சார்ந்த இடமும். பெரும்பொழுது, தேங்ஸ்கிவிங் வாரமும் மார்ச் மாதக் கல்லூரி விடுமுறையும் நீங்கலாக ஆண்டின் எஞ்சிய பகுதி. சிறுபொழுது விடியல், முதல் விமானத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பகல் முழுக்கக் கிடக்கிறது. கருப்பொருள்களுள் தெய்வம், கேட் ஊழியர். நெருங்கி நின்று வணங்கினால் கோபிக்கும் தெய்வம் இது. உணவு பிரெட்சல். மரம், சார்ஜர் சொருகும் தூண். பறை ஒலிபெருக்கி. புள், கண்ணாடிக்கு அப்பால் நிற்பது. உரிப்பொருளைப் பற்றி ஐயமே வேண்டாம்: இருத்தலும் இருத்தல் நிமித்தமும். கடைசி விமானமும் போனபின் இரங்கல்.

காத்திருப்போருக்குள்ளும் படிநிலை உண்டு. டெல்டா ஏர்லைன்ஸில் சாதாரணமாகப் பறக்கும் ஊழியரின் முன்னுரிமைக் குறியீடு எஸ்3, பட்டி பாஸ்காரருடையது எஸ்4. அமெரிக்கனில் ஊழியர் டி2, விருந்தாளி டி3. கீழ்ப்படியிலிருப்பவர் நள்ளிரவிலேயே வந்து தவம் கிடந்தாலும், புறப்படும் நேரத்துக்குச் சற்று முன் வந்து பட்டியலில் சேர்ந்த ஊழியர் அவரைத் தாண்டிப் போய்விடுவார். இந்தத் தாண்டலைக் கேட்டருகே ஒரு திரை நேரலையாகக் காட்டுகிறது. குடும்பப்பெயரில் முதல் மூன்றெழுத்து, சொந்தப்பெயரில் ஓரெழுத்து, அவ்வளவுதான் வரும். ஆங்கில எழுத்தில் சுப்பிரமணியனும் சுப்பையாவும் அங்கே ஒருவரே. தம் பெயர்தான் மேலேறியது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, திரும்ப உட்காருபவரைக் காணலாம்.

அறவியல் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உள்நாட்டு விமானங்கள் ஏறத்தாழ பாதி காலியாகப் பறந்தன. இன்று 80 சதவீதத்துக்கு மேல் நிறைந்து பறக்கின்றன. ஆகவே காலி இருக்கை தானாக இருப்பதில்லை. யாராவது வராமல் போனால்தான் உண்டாகிறது. சாதாரண நாளில் எறும்பைக்கூட மிதிக்காத மனிதர், இப்போது முகமறியாத இருவரின் அலாரம் அடிக்காமல் போக வேண்டும் என்று விரும்பத் தொடங்குகிறார். நெடுஞ்சாலையில் நெரிசல் என்றால் அவர் முகம் மலர்கிறது. அட்லாண்டா போன்ற இணைப்பு நிலையத்தில் இடி மின்னல் வந்தால் உள்ளூர மகிழ்கிறார்: இணைப்பு விமானத்தைச் சிலர் தவறவிடுவார்கள் அல்லவா? மழை வலுத்து முந்தைய விமானமே ரத்தாகி, அதன் பயணிகள் மொத்தமாக இவர் விமானத்துக்கு மாற்றப்படும்போதுதான் வேண்டுதலின் அளவை நிர்ணயிக்கத் தவறியது புரிகிறது. கல்யாணப் பந்தியில் சாப்பிடுபவர் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கூட, அவர் சீக்கிரம் எழ வேண்டும் என்றுதான் நினைப்பார்; வராமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கமாட்டார்.

இருக்கை காலியாக இருந்தும் ஏற்ற மறுக்கும் கொடுமையும் உண்டு. டென்வர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்திலிருக்கிறது. வெயிலும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி குறைந்து, விமானம் சுமக்கக்கூடிய எடையும் குறைகிறது. எடையைக் குறைக்க எரிபொருளையா இறக்குவார்கள்? எஸ்4ஐ விட்டுவிட்டுப் போவார்கள். இயற்பியல்கூடப் பணிமூப்பைப் பார்க்கும் இடம் இது ஒன்றுதான்.

இத்தனைக்கும் அவர் கோபப்படக் கூடாது. அவர் குரல் உயர்த்தினால் பாஸ் கொடுத்த நண்பரின் பயணச் சலுகைக்கு ஆபத்து. உடையிலும் கவனம் வேண்டும்: 2017 மார்ச்சில் டென்வரில், ஊழியர் பாஸில் வந்த இரு சிறுமிகள் லெக்கிங்ஸ் அணிந்திருந்ததால் யுனைடெட் விமானத்தில் ஏற்றப்படவில்லை. பணம் கட்டிய பயணிக்கு அந்த விதி கிடையாது. இடம் கிடைக்காமல் இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல் செலவு தன்னுடையது. அதிலும் ஹவாயின் ஹொனலூலுவில் மாட்டிக்கொள்வதே ஆகக் கொடியது. அங்கே அறை வாடகை அதிகம் என்பது ஒருபுறம். அங்கிருந்து போன் போட்டு அழுதால் ஊரில் ஒருவரும் இரங்கமாட்டார்.

பயன்களையும் சொல்ல வேண்டும். புறப்படும் நாளை மாற்ற அபராதம் இல்லை. என்றாவது முன்வரிசை அகல இருக்கை விழுந்துவிடும். அதன்பின் அவர் பல ஆண்டுகளுக்கு இந்த முறையின் பிரசாரகர். மலிவு என்ற வாதம் மட்டும் ஆய்வில் நிற்கவில்லை. முன்கூட்டியே வாங்கினால் சிக்கன விமானச் சீட்டு சில தடங்களில் இதைவிடக் குறைவு. ஆனால் அதைச் சொல்லப் போனால் பட்டி பாஸ்காரர் பேச்சை மாற்றிவிடுகிறார்.

பெரும்பாலும் கிடைப்பது கடைசி வரிசை, நடு இருக்கை, பின்னால் கழிப்பறை. உட்கார்ந்ததும் அவருடைய பிரார்த்தனை தலைகீழாகிறது: இனி வராதவர் யாரும் ஓடி வந்துவிடக் கூடாது, கதவு சீக்கிரம் மூடப்பட வேண்டும். மூச்சிரைக்க ஒருவர் வந்து நின்றால், ஊழியர் உள்ளே வந்து இவரைத்தான் எழுப்புவார். அதனால் தேர்ந்தவர்கள் கதவு மூடும்வரை செருப்பைக் கழற்றுவதில்லை, பக்கத்து இருக்கைக்காரருடன் பேச்சும் கொடுப்பதில்லை.