ஒலிப்பதிவுக் கணினி இலக்கணம்: மூலமும் உரையும்

ஒலிபதி கணினிக் குரியன மூன்றே
விரைதல் நில்லாமை வாய்திற வாமை
அவற்றுள்
விரைதல் கடையென மொழிப புலவர்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், வீட்டில் பாட்டுப் பதிய வாங்கும் கணினிக்கு வேண்டிய குணங்களையும் அவற்றின் வரிசையையும் உணர்த்துதல் நுதலிற்று. ‘புலவர்’ என்றது யாரை என்று கேட்பது உரை மரபன்று.

விரைதல் கடை என்றது என்னை? சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் நேர்மாறாகச் சொல்வார்கள். “என்ன சார் யூஸ்?” “பாட்டு ரெக்கார்ட் பண்ண.” “அப்போ கேமிங் பிசிதான் சார் போகணும். லைட்டெல்லாம் கலர் கலரா வரும்.” பாடுகிறவருக்கு லைட் எதற்கு என்பது அவ்வுரையில் இல்லை. கணக்கோ எளிது. விநாடிக்கு 48,000 சாம்பிள், சாம்பிளுக்கு 24 பிட் என்று பதிந்தால் ஒரு மைக்குக்கு நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி ஆகும். எட்டு மைக் வைத்து ஐந்து நிமிடப் பாட்டைப் பதிந்தாலும் 350 எம்பியைத் தொடாது. இதைத் தாங்காத கணினி இன்று காயலான் கடையிலும் அரிது. வயலின் கோஷ்டி மொத்தத்தையும் சாம்பிள் லைப்ரரியாக ஏற்றி வாசிப்போருக்கு 32 ஜிபி ரேம் புறனடை. ஏனையோர்க்கு 16 ஜிபியும் ஓர் எஸ்எஸ்டியும் அமையும்.

நில்லாமையே தலை. கணினி ஒலியைத் துளித்துளியாக வாங்குவதில்லை. பஃபர் என்னும் தொட்டி நிரம்பியதும் மொத்தமாக அள்ளுகிறது. தொட்டி 128 சாம்பிள் கொண்டதாயின் நிரம்ப 2.7 மில்லிவிநாடி. அடுத்தது நிரம்புமுன் இதைக் காலி செய்தாக வேண்டும். அந்நேரம் பார்த்து வைஃபை டிரைவர் “ஒரு நிமிஷம் இரு” என்று பிராசஸரைப் பிடித்துக்கொண்டால் பாட்டில் ‘பட்’ என்று ஒன்று விழும். அது ஆக நல்ல சங்கதியின் மேல்தான் விழும் என்பது துணிபு. ஆதலால் பதியும் வேளையில் வைஃபை, ப்ளூடூத், பவர் சேவிங், தானாக வரும் அப்டேட் ஆகிய நான்கும் விலக்கு. அக்கா மகன் ஏற்றிவைத்த விளையாட்டுகள் தனியே கூறப்படவில்லை, சொல்லாமலே விளங்கும்.

அற்றேல், தொட்டியைப் பெரிதாக்கினால் என்னை எனின், ஆகும். ஆனால் 512 சாம்பிள் வைத்தால் உள்ளே போக 10.7, வெளியே வர 10.7 என்று, பாடியது பாடியவர் காதுக்கு வர 21 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிவிடும். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போவது. எனவே இது, தம் வாயிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி உட்கார்ந்து தம்மையே கேட்பதாகும். தாளம் நில்லாது. இதற்கு விடை கணினியில் இல்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்றொரு திருகோ பொத்தானோ உண்டு. அதைப் போட்டால் குரல் கணினிக்குள் நுழையாமலே ஹெட்போனுக்குத் திரும்பிவிடும். புது பிராசஸருக்குப் பணம் கட்டிய பிறகே அத்திருகு கண்ணில் படும்.

வாய்திறவாமை இருவகைத்து: உறுமாமையும் இரையாமையும். இரைதலாவது ஸ்பீக்கரில் கேட்கும் ‘ம்ம்ம்’. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலின் இதன் சுருதி ஐந்து கட்டைக்குச் சற்று மேல், ஐந்தரைக்குக் கீழ். ஐந்து கட்டையில் பாடுவோர் சுருதிப்பெட்டி மிச்சம் என்று மகிழற்க; நூலிழை பிசகும். கணினியை ஒரு பிளக் பாயின்ட்டிலும் ஸ்பீக்கரை எதிர்ச் சுவரிலும் செருகியிருந்தால் எர்த் ஒயர்கள் வழியே ஒரு சுற்று உண்டாகி இது வரும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கும். மூன்றாம் முள்ளைப் பிடுங்கி அடக்குவாரும் உளர். இரைச்சலோடு பாடகரும் அடங்க நேரும் என்பதால் அது குற்றம்.

உறுமுதல் விசிறியின் தொழில். ஒலியை மெருகேற்றும் பிளக்-இன் மென்பொருள்கள் கூடக்கூடப் பிராசஸர் சூடேறும். அது சூடேறினால் விசிறி ஆலாபனையைத் தொடங்கும். பெரிய விசிறி மெல்லச் சுழன்றே வேலையை முடிக்கும் என்பதால் வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குக. அதற்கும் அடங்காவிட்டால் பெட்டியை அடுத்த அறைக்குக் கடத்துவதே வழி. யுஎஸ்பி 2.0 ஒயர் 5 மீட்டரோடு நின்றுவிடும் ஆதலின், அடுத்த அறை என்பது சிறு வீடுகளில் சமையலறையையே குறிக்கும். “ஏன்டா, இந்தப் பொட்டிய எதுக்குடா மிக்ஸி பக்கத்துல வெச்சிருக்க?” என்று அம்மா கேட்பது தடை எனப்படும். அதற்கு விடை கண்ட உரையாசிரியர் இலர்.