முதலில் தண்ணீரை வளருங்கள், மீன் அப்புறம்!

வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் விழுப்புரம், திண்டிவனம் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

? முதல் முயற்சிதானே, 20 லிட்டர் தொட்டி போதாதா?
(ஆசிரியை, விழுப்புரம்)

போதாது. முதல் முயற்சி என்பதால்தான் பெரிய தொட்டி வேண்டும். கொஞ்சத் தண்ணீரில் ஒரு மீன் செத்தாலே விஷம் ஏறி மற்றதும் போய்விடும். 100 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். தண்ணீர் மட்டுமே 100 கிலோவைத் தாண்டும். டிவி ஸ்டாண்டை நம்பாதீர்கள்.

? மரக்காணம் உப்பளம் எங்களுக்குப் பக்கம்தான். ஒரு மூட்டை உப்பை போர் தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா?
(மளிகை வியாபாரி, திண்டிவனம்)

ஊறுகாய்க்கு ஆகும், மீனுக்கு ஆகாது. உப்பளத்தில் நடப்பதே கடலைப் பிரிக்கிற வேலைதான். வெயிலில் நீர் வற்ற வற்ற, சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முதலில் அடியில் படிந்துவிடும். அப்புறம் பாத்தியில் உப்பு விளையும். அதை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரோடு மெக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடும். உங்கள் மூட்டைக்குள் இருப்பது கடலின் ஒரு பங்குதான். மீனுக்கு முழுக் கடலும் வேண்டும். கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையை வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரையுங்கள். 100 லிட்டருக்கு மூன்றரை கிலோ. ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டினால் சரி.

? மரக்காணம் கடலிலிருந்தே கேனில் பிடித்து வந்தால் காசு மிச்சமாகுமே?
(கல்லூரி மாணவர், விழுப்புரம்)

கரையோரத் தண்ணீர் கலங்கல். மழைக்காலத்தில் கழுவேலி ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலில் கலக்கும்போது உப்பும் நீர்த்துப்போகும். ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரர் தெரிந்தவராக இருந்தால் யோசிக்கலாம். புதியவர்களுக்குக் கலவை உப்புதான் நல்லது.

? தொட்டி ரெடி, தண்ணீர் ரெடி. வரும் ஞாயிறு மீன் விடலாமா?
(வங்கி ஊழியர், திண்டிவனம்)

ஐந்தாறு ஞாயிறு போகட்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்கு விருந்தாக ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் போட்டு அழுகவிடுங்கள். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, அம்மோனியா சோதனை கிட்டில் உள்ள மருந்தைச் சொட்டிப் பாருங்கள். பெரும்பாலான கிட்களில் பச்சை தெரிந்தால் அம்மோனியா இருக்கிறது, வெறும் மஞ்சள் என்றால் இல்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யமான பிறகே முதல் மீன். வளர்ப்பவரின் திறமை முழுக்க இந்த ஆறு வாரத்தில்தான் இருக்கிறது. இதில் அவசரப்பட்டவரை எந்த ஃபில்டரும் காப்பாற்றாது.

? மே மாத வெயிலில் மனிதர்களே தாங்க முடியவில்லை. மீன் தாங்குமா?
(இல்லத்தரசி, விழுப்புரம்)

25 முதல் 27 டிகிரி வரை அதற்குச் சுகம். 30-ஐத் தாண்டவிடாதீர்கள். தண்ணீரின் மேல்பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், சூடு இறங்கும். ஆனால் தண்ணீரும் வற்றும். வற்றியதை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். மரக்காணத்தில் உப்பு விளைவதும் இதனால்தான். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அதுவரை நிரப்புங்கள். கரண்ட் போனால் மூச்சுக்காற்று கொடுக்க பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கட்டாயம்.

? பேரன் ‘நீமோ’தான் வேண்டும் என்கிறான்.
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம்)

பேரன் கெட்டிக்காரன்! புதியவர்களுக்குக் கோமாளி மீனே சரியான மீன். கடற்சாமந்தி இல்லாமலும் சுகமாக வாழும், பத்தாண்டுக்கு மேலும் இருக்கும். எல்லாம் ஆணாகவே பிறந்து, ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும் அதிசய இனம். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போகும் ரயில் தடத்திலேயே இருக்கிறது பரங்கிப்பேட்டை. அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் இதைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். பொரிப்பகத்து மீன் தொட்டிக்குப் பழகியது, தீனியும் தயங்காமல் எடுக்கும்.

? ராமேஸ்வரம் பக்கம் போனால் பவளம் கிடைக்கும் என்கிறார்களே?
(செல்போன் கடைக்காரர், திண்டிவனம்)

தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கல் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை மூன்றும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத் துண்டை வைத்திருந்தாலும் குற்றம்தான். மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை. ஒரு பவளப் பாறை வளர நூற்றாண்டுகள் ஆகின்றன, உடைக்க ஒரு நிமிடம் போதும். உங்கள் தொட்டிக்கு பீங்கான் கல்லே தாராளம், பாக்டீரியாக்கள் அதிலும் குடியேறும். மீன் வாங்கும்போது ‘பொரிப்பகத்து மீனா?’ என்று ஒவ்வொருவரும் கேளுங்கள். நாம் கேட்டால்தான் கடைக்காரரும் அதை வரவழைப்பார்.