டார்ச்சுக்குச் சுருங்கும் பாவை

கேள்வி: கண்பாவையை விரிக்கத்தானே கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டார்? பேப்பர்கூடப் படிக்க முடியவில்லையே, ஏன்?

பதில்: பாவையைச் சுருக்கும் தசைக்கும், கிட்டத்தில் பார்க்க லென்ஸைப் பருமனாக்கும் சிலியரித் தசைக்கும் உத்தரவு கொண்டுவருவது ஒரே எதிர்ப்பரிவு (பாராசிம்பதெடிக்) நரம்புதான். அது விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதித்தூதைத் தசையில் ஒட்டவிடாமல் டிரோபிகமைடு சொட்டு தடுத்துவிடும். அந்த நரம்பின் இழைகளில் நூற்றுக்கு 95 போல சிலியரித் தசைக்கே போகின்றன. பாவைக்குக் கிடைப்பது சில்லறை. நாலைந்து மணி நேரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை ராசிபலனை வேறு யாராவது வாசிக்கட்டும். வண்டியையும் அவரே ஓட்டட்டும்.

கேள்வி: அந்த நரம்பு புறப்படும் இடம்?

பதில்: நடுமூளையில் உள்ள எடிங்கர்-வெஸ்ட்பால் உட்கரு. மூன்றாம் மூளை நரம்போடு ஒண்டிக்கொண்டு வந்து, கண்ணுக்குப் பின்னால் சிலியரி நரம்புமுடிச்சில் பஸ் மாறும்.

கேள்வி: மயங்கிக் கிடப்பவரின் இமையைத் தூக்கி டார்ச் அடிப்பது சினிமா டாக்டர் வேலைதானே?

பதில்: நிஜ டாக்டரும் அதைத்தான் செய்கிறார். எதிர்ப்பரிவு இழைகள் மூன்றாம் நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளை அழுத்தினால் முதல் அடி அவற்றுக்குத்தான்; வழக்கமாக அந்தப் பக்கத்துப் பாவை விரிந்து, வெளிச்சத்துக்கும் அசையாமல் நிற்கும். சர்க்கரை நோயில் கதையே வேறு. நரம்பின் உட்பகுதிக்குப் போகும் நுண் ரத்தக்குழாய்கள் கெடுகின்றன. இமை தொங்கும், கண் சரியாகத் திரும்பாது, பாவை மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். இதைப் படித்துவிட்டு வீட்டில் டார்ச்சோடு வைத்தியம் தொடங்க வேண்டாம். திடீரென ஒரு பாவை பெரிதாகி, இமையும் தொங்கினால் நேரே ஆஸ்பத்திரி.

கேள்வி: பூச்சிமருந்து தெளித்தவர் மயங்கி விழுந்தார். பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்ததாமே?

பதில்: ஆர்கனோபாஸ்பேட் மருந்தாக இருக்கும். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடுவதால், சுருங்கு என்ற உத்தரவு ஓய்வதே இல்லை. அதற்கு முறிமருந்து அட்ரோபின். நம் ஊமத்தையிலும் அட்ரோபின் உண்டு. அந்தச் செடியைக் கசக்கிய கையால் கண்ணைத் தேய்த்தால் பாவை விரிந்துவிடும். முறிமருந்தென்று ஊமத்தையை அரைத்துக் கொடுக்கப் புறப்படாதீர்கள், அதுவும் விஷம்தான்.

கேள்வி: நாற்பதைத் தாண்டியதும் எழுத்து மங்குகிறது. நரம்புத் தளர்ச்சியா?

பதில்: நரம்பு பாவம், உத்தரவை ஒழுங்காகத்தான் கொண்டுவருகிறது. இறுகிப்போனது உங்கள் லென்ஸ். பாவையைச் சுருக்கிக் கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாக்கும் பைலோகார்பின் சொட்டுக்கு 2021இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதன் பலன் சில மணி நேரம்தான். என்னைக் கேட்டால், மூக்குக்கண்ணாடியே மலிவு.