கழுத்தில் தகரம்

கேள்வி: சீனர்களைக் கியூபாவுக்குக் கூலிகளாக ஏற்றிப் போனது போல, நம் தூத்துக்குடியிலும் நடந்ததா?
– வாசகர், திருச்செந்தூர்

பதில்: நடந்தது. கியூபாவுக்குப் போன சீனருக்கு எட்டு வருட ஒப்பந்தம் என்று ஒரு காகிதமாவது இருந்தது. தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம்மவருக்குக் காகிதத்துக்குப் பதில் கடன்! ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுப்பார். வழிச்செலவும் கணக்கில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமா? 'இந்தக் கடனைக் கட்டினால் விடுவிக்கிறேன்' என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். அதன் பெயர் 'துண்டு'. பெயர்தான் துண்டு, கட்டியது குடும்பம் முழுவதையும். 1921-இல்தான் அது ஒழிந்தது.

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல். அதே பாதையில் உள்ள தட்டப்பாறையில் கூலி முகாம் வைத்து, நோய் பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். போகிறவர் கழுத்தில் தோட்ட எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகர வில்லை. முத்துக் குளித்த கடற்கரையில், மனிதரின் கழுத்துக்குக் கிடைத்தது தகரம்! பிறகு அந்த நோய்ச் சோதனை வேலை மண்டபம் முகாமுக்குப் போனது.

சீனர் விஷயத்தில் ஒன்று என் மனதை விட்டு அகலவில்லை. 1874-இல் சீன அரசு கியூபாவுக்கே ஆட்களை அனுப்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரின் வாக்குமூலங்களை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதியது. கப்பலேற்றம் சில ஆண்டுகளில் நின்றது. தட்டப்பாறையில் நின்று ரயில் பார்த்த நம் பாட்டிகளிடம் யாராவது அப்படி உட்கார்ந்து கேட்டிருக்கக் கூடாதா? உங்கள் வீட்டில் இலங்கைக் கதை சொல்லும் பெரியவர் இருந்தால், இன்று மாலையே ஒரு நோட்டுடன் பக்கத்தில் உட்காருங்கள்.