ஓசூர்ச் செய்திக்கு முதல் வரி எழுதுவது எப்படி?

புதிதாக நிருபர் வேலைக்கு வந்தவர்கள் முதல் வரிக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தேவையே இல்லை. கெலவரப்பள்ளி அணையில் மறுபடி நுரை என்று வையுங்கள். இன்ட்ரோ இப்படித்தான் வர வேண்டும்:

1. முகவரியில் தொடங்குங்கள். “கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர் அருகே உள்ள…” படிப்பவர் பாகலூர் ரோட்டு டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இருந்தாலும் அவருக்கு வழி சொல்லுங்கள்.

2. மழையைக் கூப்பிடுங்கள். “கர்நாடக நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்த கனமழையால்…” பெங்களூருவின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் கலக்கிறது என்று முதலிலேயே எழுதினால், விட்டது யார், தடுக்காதது யார் என்ற கேள்வி வரும். மழை மறுப்பு அறிக்கை அனுப்பாது.

3. எண் ஒன்று போடுங்கள். “அணையின் முழுக் கொள்ளளவான 44.28 அடியில்…” கொள்ளளவை அடியில் அளப்பார்களா என்று டெஸ்க்கில் யாராவது கேட்டால், நேற்றும் இப்படித்தான் போட்டோம் என்று சொல்லுங்கள்.

4. செய்தவரை விட்டுவிடுங்கள். கழிவு ‘கலக்கப்படுகிறது’, நுரை ‘பொங்கி வருகிறது’. தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை ராகிக் காட்டில் இறங்கினால் மட்டும் “யானைகள் அட்டகாசம்” என்று பெயர் சொல்லியே எழுதலாம். யானைக்குத் தொழிற்சாலை கிடையாது, விளம்பரமும் தராது.

5. ‘பெரும் பரபரப்பு’ என்று முடியுங்கள். 2023 பிப்ரவரி 2 அன்று, எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதென்று கோபசந்திரத்தில் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்களே, அன்றைக்கும் பரபரப்புதான். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை சரிந்தாலும் அதேதான்.

எச்சரிக்கை: சிலர், “பெங்களூருவின் சாக்கடை நுரையாகப் பொங்கித் தரைப்பாலத்தை மூடியதால், ஓசூர் பக்கத்து ஊர்க்காரர்கள் நேற்று வேலைக்குச் சுற்றிப் போனார்கள்” என்று எடுத்த எடுப்பில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். வாசகர் இரண்டாவது பத்திக்கும் வந்துவிடுவார். எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் சுற்று, அதிகாரி என்ன சொன்னார் என்று கேட்பார். பதில் சொல்ல நாம் அணைக்கரை வரை போய் வந்திருக்க வேண்டும்.