ஊரெல்லாம் டாக்டர்

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை பிளஸ் ஒன்னில் உயிரியல் குரூப் எடுத்தால் போதும், தெருவே டாக்டர் பட்டம் கொடுத்துவிடும். பாக்கி நீட் மட்டும்தான்: 180 கேள்வி, 720 மதிப்பெண், தப்புக்கு ஒன்று பிடித்தம். சரிகைக்குப் பேர்போன ஊர்ப் பெண்ணானாலும் தோட்டைக் கழற்றிவிட்டுத்தான் தேர்வறைக்குள் போக வேண்டும்.

காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு நர்ஸ், கதிர்வீச்சு டெக்னீஷியன், லேப் டெக்னீஷியன் எல்லாரும் வேண்டும். அந்தப் படிப்பில் சேர்ந்தால் மட்டும், "ஐயோ, மார்க் வரலையா?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள்.

கோர்வைப் புடவைக்கே தறியில் இரண்டு பேர் உட்காரும் ஊர் இது. ஆஸ்பத்திரியை மட்டும் டாக்டர் தனியாளாக நெய்துவிடுவாராம்!

பெற்றோரே, பாராமெடிக்கல் கவுன்சலிங் விளம்பரத்தையும் கொஞ்சம் படியுங்கள்.