சைனீஸ் படுத்தது, தோசை எழுந்தது

கேள்வி: ஒரு கம்பெனியில் புதுசாக ஏதாவது முளைக்க முதலாளி கெட்டிக்காரராக இருந்தால் போதுமா, நாலு பேர் பழக்கமும் வேண்டுமா? (வாசகர், செம்பூர்)

பதில்: உங்கள் ஊரிலிருந்து வாஷிக்குப் பஸ் ஏறுங்கள், பாதி விடை அங்கே இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்து வாஷியில் தள்ளுவண்டியில் தோசை சுட்ட பிரேம் கணபதி, ஒரு சைனீஸ் கடையும் போட்டார். சில மாதங்களிலேயே அது படுத்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் சாஸ் பாட்டிலைப் பார்த்தாலே எரிச்சல்பட்டிருப்பார். இவர் அதைத் தோசைக்குள் ஊற்றினார். ஷெஜ்வான் தோசை வந்தது. (மாட்டுங்காவின் தமிழ் மாமாக்கள் மன்னிப்பார்களாக!) சாப்பிட வந்தவர்களில் வாஷி சென்டர் ஒன் மால்காரர்களும் உண்டு. அவர்கள் சொல்லித்தான் 2003-ல் மாலுக்குள் அவருடைய கடையான தோசா பிளாசா போனது. அந்த யோசனைக்கு எந்தக் கன்சல்டன்டும் பில் அனுப்பவில்லை.

மீதிப் பாதி விடை, தோற்றவரைக் கம்பெனி எப்படி நடத்துகிறது என்பதில் இருக்கிறது. டாடா குழுமம் தோற்றுப்போன நல்ல முயற்சிகளுக்கென்றே ‘டேர் டு ட்ரை’ என்று விருது வைத்தது. மற்ற ஆபீஸ்களில் தோற்றவருக்குக் கிடைப்பது மெமோ. “தைரியமா ஐடியா சொல்லுங்க” என்று மேனேஜர் மீட்டிங் போடுவார். முதல் ஆள் வாயைத் திறந்ததும் “இதெல்லாம் நமக்கு ஒத்து வராதுப்பா” என்பார். அடுத்த ஆள் பேசாமல் சமோசாவை எடுத்துக்கொள்வார்.